வட்டாபுளுவத் துறையில் ஒரு வார இறுதி – 1803

பாடசாலை விடுமுறை வந்தால் மகாவலிக் கரையில் கூடாரம் போட்டு ஓரிரவு தங்குவது இப்போது எங்கள் பக்கத்து இளைஞர்களிடம் வழக்கமாகிவிட்டது. நெருப்பு மூட்டி கோழி சுடுவதும், விடியற்காலைப் பனியில் தேநீர்க் கோப்பையோடு படம் எடுப்பதும் முகநூல் முழுக்க வருகின்றன. நல்ல விசயம்தான். ஆனால் இதே ஆற்றின் கரையில், 1803ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வரை சில நூறு பேர் தங்கியிருந்தார்கள். அவர்கள் விரும்பித் தங்கவில்லை. அக்கரைக்குப் போக ஓடம் இல்லாததால் தங்கினார்கள். அந்த வார இறுதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். கண்டி நகரத்தை வரைபடத்தில் ஒரு தடவை பாருங்கள். பேராதனைப் பக்கமிருந்து வரும் மகாவலி கெட்டம்பே, ஹல்லொலுவ, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்ல, லேவெல்ல, தென்னக்கும்புர என்று நகரத்தை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் சுற்றிக்கொண்டு போகிறது. மீதமிருக்கும் தெற்கில் ஹந்தானை மலை. கோட்டை கட்டத் தேவையே இல்லாத இடம். ஆறுதான் அகழி.

கட்டுகஸ்தோட்டை என்ற பெயரில் உள்ள ‘தோட்டை’யைத் தோட்டம் என்றுதான் எங்கள் மாணவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தோட்டமல்ல. சிங்களத்தில் ‘தொட்ட’ என்றால் துறை, அதாவது ஆற்றைக் கடக்கும் இடம். ஹம்பாந்தோட்டையிலும் அதே சொல்தான். கண்டியைச் சுற்றி இப்படிப் பல துறைகள் இருந்தன. பாலம் ஒன்றும் இருக்கவில்லை.

பாலம் இல்லாதது தற்செயலும் அல்ல. 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இதைப் பற்றிச் சொல்கிறார். நாட்டுக்குள் வருவதும் போவதும் இலகுவாக இருக்கக்கூடாது என்பதே அரசனின் எண்ணம் என்பது அவர் கண்டது. மகாவலி பாறையும் வீழ்ச்சியும் நிறைந்த ஆறு. நெடுந்தூரம் படகு விட முடியாது. சிறு ஓடங்களில் குறுக்கே கடக்க மட்டும்தான் முடியும். ஆகவே துறையில் ஓடம் யார் கையில் இருக்கிறதோ, வாசல் திறப்பும் அவர் கையில்.

வந்த படைகளுக்கெல்லாம் நடந்த கதை ஒன்றுதான். போர்த்துக்கேயர் 1638 மார்ச் 28ஆம் திகதி கன்னொருவையில், இன்றைய பேராதனைக்கு எதிர்க்கரையில், முற்றாகத் தோற்றார்கள். ஒல்லாந்தர் 1765இல் கண்டி நகரத்தையே பிடித்தார்கள். பிடித்த நகரத்தில் இருக்க முடியவில்லை. காய்ச்சலும் பட்டினியும் வாட்ட, அதே ஆண்டில் விட்டுவிட்டுப் போனார்கள். கண்டிக்குள் போவது கடினமில்லை, திரும்பி வருவதுதான் கடினம் என்பதை அவர்கள் படித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் அதைப் படிக்கவில்லை.

1803 யுத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் பாக்கு. புத்தளத்துச் சோனக வணிகர்கள் கண்டி நாட்டுக்குள் வாங்கிய பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள் என்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த் நட்டஈடு கேட்டார். உண்மையான காரணம் அதைவிடப் பெரிது. கரையோரம் முழுவதும் கையில் வந்தபின் நடுவில் ஒரு சுதந்திர அரசு இருப்பதை ஆங்கிலேயர் விரும்பவில்லை. 1798இல் அரியணை ஏறிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்குப் பதிலாகத் தங்கள் சொல் கேட்கும் ஒருவரை வைக்க நினைத்தார்கள். அதற்கு ஆளும் கிடைத்தார். முன்னைய அரசன் ராஜாதி ராஜசிங்கனுடைய மனைவியின் சகோதரர் முத்துசாமி.

பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் படை கண்டிக்குள் நுழைந்தது. எதிர்ப்பு பெரிதாக இல்லை. நகரமே காலி. அரசனும் மக்களும் மலைகளுக்குள் போய்விட்டிருந்தார்கள். மார்ச் மாதம் முத்துசாமி அரசராக அமர்த்தப்பட்டார். ஆனால் மரியாதை செய்ய ஒரு பிரதானியும் வரவில்லை. அரண்மனைக்குள் ஆங்கிலேயர், சுற்றியுள்ள ஊர் முழுவதும் கண்டியர். அரிசி வரவில்லை. மழை தொடங்கியது. காய்ச்சல் பரவியது. துப்பாக்கிக் குண்டில் இறந்தவர்களைவிடக் காய்ச்சலில் இறந்தவர்கள்தான் அதிகம். ஜூன் மாதம் மக்டோவலே நோயோடு கொழும்புக்குத் திரும்பினார். மிஞ்சியவர்களுக்குப் பொறுப்பாக மலாய்ப் படைப்பிரிவின் மேஜர் அடம் டேவி விடப்பட்டார்.

இங்கே பருவகாலத்தைக் கவனியுங்கள். பெப்ரவரியில் மகாவலி மெலிந்து கிடக்கும். கற்கள் வெளியே தெரியும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால், மேலே மலையில் பெய்யும் மழையெல்லாம் கண்டியைச் சுற்றித்தான் போகவேண்டும். பெப்ரவரி ஆற்றைத் தாண்டி உள்ளே போன படை, ஜூன் ஆற்றைத் தாண்டி வெளியே வரவேண்டியிருந்தது. ஒரே ஆறு, ஆனால் ஒரே ஆறில்லை.

எங்களுக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், நாங்கள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். முன்பு மணல் ஏற்றப் பயன்பட்ட ஒடுங்கிய வள்ளம் ஒன்று அவரிடம் உண்டு. ஒரு வார இறுதியில் நாங்கள் சில ஆசிரியர்கள் கம்பளைக்குக் கீழே ஆற்றங்கரையில் அவரோடு தங்கினோம். கூடாரத்தை மணலில் போடப்போனபோது அவர் விடவில்லை. மேட்டுக்கு ஏற்றச் சொன்னார். தண்ணீர் அமைதியாகத்தானே இருக்கிறது என்றோம். “ஆத்தப் பார்த்து ஒண்டும் சொல்ல ஏலா சேர். மேல நாவலப்பிட்டிப் பக்கம் கறுத்திருக்கா எண்டு பார்க்கோணும்” என்றார். எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துத்தான் இருந்தது. இரவு ஆறு ஏறியது. நாங்கள் முதலில் பார்த்துவைத்த மணல் திட்டு விடியும்போது இல்லை.

வள்ளத்தை நேராக அக்கரைக்கு விட முடியாது என்பதையும் அவரிடம்தான் கண்டோம். இறங்கவேண்டிய இடத்துக்கு மிகவும் மேலே கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து நீரோட்டத்துக்குச் சரிவாகக் கொடுத்து, ஆறு இழுக்கிற இழுப்பிலேயே இறங்கவேண்டும். மழைக்காலத்தில் இதைச் செய்ய ஆற்றை அறிந்த ஆள் வேண்டும். அந்த வார இறுதிக்குப் பிறகுதான் 1803 ஜூன் மாதத்துக் கதையை நாங்கள் வேறு கண்ணோடு வாசித்தோம்.

ஜூன் 24, வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே கண்டியர் அரண்மனையைத் தாக்கினார்கள். உள்ளே எழுந்து நின்று துப்பாக்கி பிடிக்கக்கூடிய ஐரோப்பியப் படைவீரர்கள் இருபது பேரளவுதான். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயாளிகளாகப் படுத்திருந்தார்கள். பிற்பகலில் டேவி சமாதானக் கொடி காட்டினார். பனையோலையில் உடன்படிக்கை எழுதப்பட்டது. கண்டியின் முதலாம் அதிகாரம் பிலிமத்தலாவ சம்மதித்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம். முத்துசாமியும் கூடப் போகலாம். நடக்க முடியாத நோயாளிகளைக் கண்டியர் கவனித்துப் பின்னர் அனுப்பிவைப்பார்கள். இவைதான் வாக்குறுதிகள்.

அன்று மாலை மழையில் அவர்கள் புறப்பட்டார்கள். சுமார் 250 மலாய்ச் சிப்பாய்கள், இந்தியாவிலிருந்து வந்த பீரங்கி லஸ்கார்கள் 140 பேரளவில், கொஞ்சம் ஐரோப்பியர், முத்துசாமியும் அவருடைய உறவினரும். திருகோணமலைப் பாதை வட்டாபுளுவத் துறையில் ஆற்றைக் கடக்கிறது. துறைக்கு வந்து பார்த்தால் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஓடம் ஒன்றுகூட இல்லை. உடன்படிக்கையில் எல்லாம் எழுதியிருந்தது, ஓடத்தைத் தவிர. அந்த இரவு கரையிலேயே கழிந்தது.

சனிக்கிழமை காலை அரசனுடைய ஆட்கள் வந்தார்கள். முத்துசாமியைக் கொடுத்தால் ஆற்றைக் கடக்க உதவுவோம் என்றார்கள். டேவி முதலில் மறுத்தார். பிறகு மீண்டும் வந்தார்கள், மிரட்டினார்கள். டேவி கொடுத்துவிட்டார். முத்துசாமி அன்றே கொல்லப்பட்டார்.

எங்கள் வீடுகளில் ‘அமானிதம்’ என்ற சொல்லை எல்லோரும் அறிவோம். நம்பி ஒப்படைக்கப்பட்டது. முத்துசாமி கெட்டிக்கார அரசரா, பொம்மை அரசரா என்பது வேறு விசயம். அந்தக் கரையில் அவர் ஓர் அமானிதம். அவரை அரியணையில் ஏற்றியவர்கள்தான் அவரைக் கையளித்தார்கள். கையளித்த பிறகும் ஓடம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாங்களே தெப்பம் கட்டப் பார்த்தார்கள். தெப்பம் இருந்தாலும் வெள்ளத்தில் அதைப் பிடித்து இழுக்க அக்கரைக்கு ஒரு கயிறு போகவேண்டும். பெரும்பாடுபட்டுக் கொண்டுபோன கயிற்றையும் அக்கரையில் நின்றவர்கள் அறுத்துவிட்டார்கள். மலாய்க்காரரும் லஸ்கார்களும் ஒவ்வொருவராகப் பிரிந்து கண்டியர் பக்கம் போகத் தொடங்கினார்கள். கடைசியில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு நகரத்துக்குத் திரும்பச் சொல்லப்பட்டது. திரும்பும் வழியில் ஐரோப்பியர்களை இரண்டு இரண்டு பேராகக் கூட்டிக்கொண்டு போய்க் கொன்றார்கள். நகரத்தில் படுக்கையில் கிடந்த நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கவனிப்போம் என்று ஓலையில் எழுதி மூன்று நாட்கள்கூட ஆகவில்லை.

கோப்ரல் ஜோர்ஜ் பார்ன்ஸ்லி என்பவர் கழுத்தில் வெட்டுப்பட்டுப் பிணங்களோடு கிடந்தார். இறந்துவிட்டார் என்று விட்டுவிட்டார்கள். இருட்டியபின் எழுந்து, அதே ஆற்றை நீந்திக் கடந்து, மாத்தளைப் பக்கம் இருந்த ஆங்கிலேயரின் சிறு கோட்டைக்குப் போய்ச் செய்தி சொன்னார். ஒரு படையே கடக்க முடியாத ஆற்றைப் பாதி உயிரோடு ஒருவர் கடந்தார். மேஜர் டேவி கொல்லப்படவில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கண்டியில் கைதியாக இருந்து, அங்கேயே இறந்தார். ஆங்கிலேயர் பிற்காலத்தில் அந்த இடத்து மரத்துக்கு ‘டேவியின் மரம்’ என்று பெயர் வைத்தார்கள். முத்துசாமியின் பெயரில் மரம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இதே 1802க்கும் 1804க்கும் இடையில்தான் ஆங்கிலேயர் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே ஹமில்டன் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒல்லாந்தர் தொடங்கிய கால்வாய் வழியில் தட்டையான பாதைப் படகுகள் சரக்கோடு போய்வந்தன. அவர்களுடைய சொந்த நாட்டில் ஏழு அடி அகலமான ஒடுங்கிய நீண்ட படகுகள் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, குதிரை இழுக்க, ஊருக்கு ஊர் கால்வாயில் ஓடிய காலம் அது. படகும் கால்வாயும் அறிந்த மக்கள்தான் ஆங்கிலேயர். வட்டாபுளுவவில் அவர்களிடம் ஓர் ஓடம் இல்லை. ஓடம் விடத் தெரிந்தவர்களோடு நட்பும் இல்லை. நான்கு மாதம் அந்த ஊரில் இருந்தும், ஆபத்தில் துடுப்பு எடுத்து வர ஒரு மனிதரைக்கூட அவர்கள் சம்பாதிக்கவில்லை. பீரங்கியைவிட அதுதான் அவர்களுக்கு இல்லாமற்போன பெரிய ஆயுதம்.

இனி எங்களுக்கு முக்கியமான விசயத்துக்கு வருகிறோம். நாங்கள் படித்த காலத்தில் இந்தச் சம்பவம் ‘1803இல் ஆங்கிலேயர் கண்டியில் தோற்றனர்’ என்ற ஒரு வரியோடு முடிந்தது. கலாசாலையில் பயிற்சி பெற்றபோதும் அதே வரிதான். தோற்றது ஆங்கிலேயர், வென்றது கண்டியர். ஆனால் அந்தக் கரையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் இரண்டுமல்ல. அவர்கள் மலாய்க்காரர். ஜாவாவிலிருந்தும் மக்கஸாரிலிருந்தும் ஒல்லாந்தர் காலத்தில் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். முஸ்லிம்கள்.

அவர்களில் ஒருவர் கப்டன் நூருத்தீன். மக்கஸாருக்கு அருகிலுள்ள கோவா அரச குடும்பத்தவர். அவருடைய தந்தையை ஒல்லாந்தர் பிடித்து இலங்கைக்கு நாடுகடத்தியிருந்தார்கள். நூருத்தீனும் ஒரு சகோதரரும் ஆங்கிலேயரின் மலாய்ப் படையில். இன்னொரு சகோதரர் சங்குங்லோ கண்டி அரசனின் மலாய்ப் படைக்குத் தலைவர். ஜூன் 24ஆம் திகதி அரண்மனைத் தாக்குதலில் சங்குங்லோ கொல்லப்பட்டார். அவர் தாக்கிய அரண்மனையைக் காத்துநின்றது அவருடைய உடன்பிறந்தவர்களின் படை.

பிறகு நூருத்தீனையும் சகோதரரையும் அரசனுக்கு முன் கொண்டுபோனார்கள். தன்னுடைய மலாய்ப் படைக்குத் தலைமை தாங்கும்படி அரசன் கேட்டான். ஏற்கெனவே ஓர் அரசனுக்குச் சத்தியம் செய்துவிட்டோம், இன்னொருவருக்குச் செய்வது எங்களுக்கு அவமானம் என்ற கருத்தில் அவர்கள் மறுத்தார்கள். சில வாரங்கள் சிறையில் வைத்து மீண்டும் கேட்டார்கள். மீண்டும் மறுத்தார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். அதே நேரத்தில் அவர்களோடு வந்த மலாய்ச் சிப்பாய்கள் பலர் அரசனின் சேவையில் சேர்ந்து கண்டியிலேயே இருந்துவிட்டார்கள். அவர்களையும் நாங்கள் குறை சொல்லமாட்டோம். முன்னால் வெள்ளம், பின்னால் வாள், வீட்டில் பிள்ளைகள்.

இதற்கெல்லாம் முன்பிருந்தே கண்டி மலைகளில் வேறு முஸ்லிம்களும் வாழ்ந்தார்கள். 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டியபோது அரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்களோடு புத்தளத்து உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்து, பாக்கைக் கீழே கொண்டுபோனவர்கள் எங்கள் மூதாதையர். இதே துறைகளில்தான் அவர்களும் மாடுகளைக் கடத்தினார்கள். அவர்களுக்குத் துறையில் ஓடம் கிடைத்தது. ஓடக்காரனை அவர்கள் அறிந்திருந்தார்கள், அவனும் அவர்களை அறிந்திருந்தான். அடுத்த பருவத்துக்கும் அவர்கள் வருவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறோம்? 2018 மார்ச்சில் தென்னக்கும்புரப் பாலத்துக்கு அப்பால், திகன, தெல்தெனியப் பக்கம் எங்கள் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்ற கேள்வி பல வடிவங்களில் எங்களிடம் வந்தது. மாணவர்களும் வகுப்பில் கேட்டார்கள்: “சேர், நாங்க அந்தக் காலத்துல யார்ட பக்கம்?” ஒரு வரிப் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. உண்மையான பதில் இதுதான்: இரண்டு பக்கமும் இருந்தோம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று இறந்தார்கள். பாக்குக்காரரைச் சாட்டாக வைத்து யுத்தம் தொடங்கினார்கள், பாக்குக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. இது எங்களுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. முத்துசாமியும் விக்கிரம ராஜசிங்கனும் ஒரே நாயக்கர் குடும்ப வட்டத்தவர். பிலிமத்தலாவ அரசனையும் ஆளுநரையும் ஒரே நேரத்தில் கையில் வைத்து விளையாடியவர். அந்தக் காலத்தில் யாரும் இன்றைய கட்சிகளில் நிற்கவில்லை.

கண்டியர் தங்கள் நாட்டைக் காத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அழைக்காமல் வந்தவர்கள் ஆங்கிலேயர்தான். அதற்காக நோயாளிகளைக் கொன்றது சரியாகிவிடாது. அமானிதத்தைக் கையளித்ததும் சரியாகிவிடாது. இரண்டையும் ஒரே பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விளங்கும், நாங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

அகழி பிறகு தூர்ந்தது. 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தோடு கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்த முறை பிரதானிகளைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டுதான் வந்தார்கள். 1833இல் பேராதனையில் முதிரை மரத்தால் 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாகப் பாலம் கட்டினார்கள். 1905வரை அது நின்றது. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. துறைகள் ஒவ்வொன்றாகப் பெயராக மட்டும் மிஞ்சின. 1976இல் பொல்கொல்லவில் அணை கட்டி, ஆற்றின் ஒரு பங்கை எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தில் உக்குவெலைக்குத் திருப்பினார்கள். வட்டாபுளுவ இன்று வீடுகள் நிறைந்த நகரப்புறம். ஆறு அடங்கிவிட்டதுபோலத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கம்பளையில் அது அடங்கவில்லை என்பதை எல்லோரும் பார்த்தோம்.

அடுத்த விடுமுறையில் ஆற்றங்கரைக்குப் போகும் தம்பிமாருக்கு இரண்டு வேண்டுகோள். கூடாரத்தை மணலில் போடாதீர்கள், மேட்டில் போடுங்கள். அந்த ஊரில் ஆற்றை அறிந்த ஒருவரைத் தேடிப் பேசுங்கள். முஸ்லிமா, சிங்களவரா, தமிழரா என்று பார்க்கத் தேவையில்லை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பாலம் வருவதற்கு முன் எந்தத் துறையில் கடந்தார்கள், ஓடம் யாருடையது, கூலி என்ன கொடுத்தார்கள் என்பது ஞாபகம் இருந்தால், அல்லது உங்கள் வாப்பா, உம்மா சொல்லக் கேட்டிருந்தால், கீழே எழுதுங்கள். ஓடக்காரரின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஆளுநரின் பெயரும் ஜெனரலின் பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. இந்தப் பெயர்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. சேர்த்து எடுத்து எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவிருக்கிறோம்.